எந்தப் பக்கம்

"நல்ல தண்ணியிலா, உப்புத் தண்ணியிலா?"
கடைக்கு வருகிற யாரையும்
முதலில் நான் கேட்பது இதைத்தான்.
ஹார்லிங்கன் துறைமுகத் தெருவில்
வலைக் கடைக்கும் வறுத்த மீன் கடைக்கும் நடுவே
தண்ணிக்குள் உலோகம் தேடும் கருவி விற்கிறேன்.
ஒரு வார்த்தையில் பதில் வரும்.
ஷௌக்யே மட்டும்
நனைந்த தொப்பியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:
"அணை மேல் நின்றிருந்தேன்."

முப்பத்திரண்டு கிலோமீட்டர் அணை.
ஒரு கை நீட்டினால் ஏரி, மறு கை நீட்டினால் கடல்.
"காற்று எந்தப் பக்கம் அடித்தது?"
"எல்லாப் பக்கமும்."
"மோதிரம் நழுவிவிட்டதா?"
"வீசினேன்."
ரசீதுக்குப் பெயர் சொல்வதுபோல் சொன்னாள்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
இவளுக்கு ஆறும் இல்லை, அளவும் இல்லை.

மலிவானதை முதலில் எடுத்துக் காட்டினேன்.
ஒரே அலைவரிசை. ஏரிக்குப் போதும்.
நல்ல தண்ணி அதன் காதில் விழாது;
சேற்றுக்குள் ஒரு சென்ட் கிடந்தாலும் சொல்லிவிடும்.
கடலில் இறக்கினாலோ பேய் பிடித்துக்கொள்ளும்.
உப்புநீரில் மின்சாரம் ஓடும், அம்மணி.
வருகிற அலையையே காசு என்று நினைத்துக் கத்தும்.
உப்பை ஒதுக்க ஒரு பொத்தான் இருக்கிறது.
ஒதுக்கலாம்தான்.
மெல்லிய தங்கமும் உப்பும்
ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன.
ஒன்றின் வாயை அடைத்தால் மற்றதும் ஊமை.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.
"மெல்லியதுதான்," என்றாள்.
"தவணையில் வாங்கினது."

அடுத்தது துடிப்புக் கருவி.
உப்பைச் சட்டையே செய்யாது, ஆழமாகவும் போகும்.
ஆனால் ஆணி, பொன் என்ற பேதமில்லை.
எதைக் கண்டாலும் ஒரே ஆனந்தம்,
என் மைத்துனன் மாதிரி.
அணையோரம் முழுக்க ஆணி, கம்பி, தூண்டில் ஈயம்.
முதுகு போய்விடும்.

மூன்றாவது, பல அலைவரிசை.
இரண்டு தண்ணிக்கும் பொது. ஐந்து மீட்டர் ஆழம் தாங்கும்.
சுருள் மட்டும் நனையலாம் என்கிற ரகம் இல்லை,
முழுசாக முங்கலாம்.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு
மறுபடி கவிழ்த்து வைத்தாள்.
"மோதிரத்தைவிட நாலு மடங்கு."
விற்கிறவன்தான் நான். இருந்தும் ஆமாம் என்றேன்.
பேட்டரி மூடியின் ரப்பரில் ஒரு மணல் நின்றாலும் போச்சு.
கடலில் இறங்கியதை அன்றன்றைக்கு
நல்ல தண்ணியில் கழுவ வேண்டும்.
"கழுவினால்?"
"ஆறேழு வருஷம் உழைக்கும்."
"எங்களைவிட அதிகம்," என்று சொல்லி
வார வாடகைக்கு எடுத்துப் போனாள்.

சனிக்கிழமை வந்தாள், இடுப்புவரை சேறு.
கடல் நாளுக்கு இரண்டு தரம் விலகி இடம் கொடுத்ததாம்.
ஏரி ஒரு தரமும் விலகவில்லையாம்.
வாளியைக் கவிழ்த்தாள்:
பீர் டப்பா நாக்குகள் நாற்பத்தொன்று,
ஈயக் குண்டுகள், சைக்கிள் மணியின் மூடி,
அப்புறம் ஒரு மோதிரம்.
கனமானது. ஆண் விரல்.
உள்ளே ஒரு பெயர், பாதி தேய்ந்து: ...ப்ரென்.
அவள் வீசியது இல்லை.

விரல் நுனியில் மாட்டி உருட்டிக்கொண்டே இருந்தாள்.
"கண்டுபிடித்துக் கொடுத்தால்
நன்றி சொல்வார்களா, திட்டுவார்களா?"
அதற்குக் கருவி என்னிடம் இல்லை.
"எந்தப் பக்கம் கிடைத்தது?" என்று மட்டும் கேட்டேன்.
காதில் விழாதவள்போல் பையைத் துழாவினாள்.
இன்னும் ஒரு வாரத்துக்கு வேண்டுமாம்.

எண்ணிக் கொடுத்தாள்.
நாணயங்கள் இன்னும் ஈரமாக இருந்தன.
எந்தத் தண்ணி என்று
நாக்கில் வைத்துப் பார்க்கலாமா என்றிருந்தது.
கல்லாவில் போட்டேன்.